லைன் வீட்டு டியூஷன் அக்காவுக்கு எத்தனை ஷிப்ட் கூலி?

ஏப்ரல் இறுதியில் பள்ளிகளுக்கு விடுமுறை வருகிறது. பனியன் கம்பெனிகளுக்கு வருவதில்லை. காலை எட்டரை மணிக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டிய தாய், பத்து மாதங்களாகப் பள்ளியின் பொறுப்பில் விட்டிருந்த பிள்ளையை ஜூன் தொடக்கம் வரை யாரிடம் விட்டுச் செல்வது? திருப்பூரின் லைன் வீடுகளில் கோடைதோறும் எழும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான். அதே வரிசையில் குடியிருந்து, கல்லூரியில் படித்து, அதே விடுமுறையில் வீட்டில் இருக்கும் ஒரு பெண். காலையில் நான்கைந்து வீட்டுப் பிள்ளைகள் அவருடைய ஒற்றை அறையின் முன் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்கு மதியச் சோறு போட வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் பக்கமும் சாலையின் பக்கமும் போகாமல் பார்க்க வேண்டும். சின்னதைத் தூங்க வைக்க வேண்டும். "சும்மாதானே இருக்கிறே, அப்படியே ரெண்டு எழுத்தும் சொல்லிக் குடு அம்மிணி" என்ற வேண்டுகோளின் பேரில் வாய்ப்பாடும் ஆங்கில எழுத்துகளும் பின்னப் பெருக்கலும் சொல்லித் தரவும் வேண்டும்.

இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால், கணக்கைப் போடத் தொடங்கினால் அது லைன் வீட்டு வாசலில் நிற்காமல் கம்பெனியின் கணக்குப் பேரேடு வரை போய்விடுகிறது என்பதை நாம் கண்டோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். இந்த வேலைக்குத் தமிழில் கூலி பேசத்தக்க பெயர் ஒன்று இல்லை. 'ஆயா' என்பது பள்ளியிலோ காப்பகத்திலோ பணிபுரியும் வயதான பெண்ணைக் குறிக்கும். 'டீச்சர்' என்றால் பள்ளிக்கூடம். ஆகவே பிள்ளைகள் 'அக்கா' என்கிறார்கள். தாய்மார் 'அம்மிணி', 'கண்ணு' என்கிறார்கள். இந்த அழைப்பில் பொய் எதுவுமில்லை. தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும், இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே குழாயடியைப் பகிர்ந்துகொள்வோரிடையே உருவாகும் உறவு அது. எனினும், அக்காவிடம் கூலி பேசுவது யாருக்கும் கூச்சம்; அக்காவாக இருப்பவருக்கோ கூலி கேட்பது அதைவிடக் கூச்சம். மாத முடிவில் கையில் இருப்பதைக் கொடுப்பதும், இல்லாத மாதம் ஒரு சுடிதார் துணியோடு முடித்துக்கொள்வதும் இந்தக் கூச்சத்தின் நிழலில்தான் நடக்கின்றன. கொடுப்பவரும் ஏழை, பெறுபவரும் ஏழை என்பதால் இதைச் சுரண்டல் என்று சொல்ல நமக்கும் நாக்கு எழுவதில்லை. ஆயினும் குறைந்த கூலி குறைந்த கூலிதான்.

திருப்பூருக்கு ஒரு வசதி உண்டு. உழைப்பை அளக்க இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அலகு இருக்கிறது: ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி என ஒவ்வொரு வேலைக்கும் ஷிப்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை உண்டு. சனிக்கிழமை வாரச் சம்பளம் எண்ணி வாங்கும்போது அதில் ஐந்து ரூபாய் குறைந்தாலும் கேட்கத் தெரிந்தவர்கள் இத்தாய்மார். (கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்று சட்டம் சொன்னாலும், அந்த அரை ஷிப்ட் பல இடங்களில் ஒற்றைக் கூலியாகவே கைக்கு வருகிறது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.) அப்படியானால், தாய் ஒன்றரை ஷிப்ட் நிற்கும் நாளில் அவருடைய பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் எத்தனை ஷிப்ட் நின்றார்? தாய் எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி ஒன்பதுக்குத் திரும்புகிறார் என்றால், அக்காவின் நாள் 13 மணி நேரம். அவருக்கு மதிய உணவு இடைவேளை இல்லை; பிள்ளைகளுக்குப் பசிக்கும் நேரமே அவருடைய வேலை உச்சத்தில் இருக்கும் நேரம்.

இந்த உழைப்புக்கு அரசு ஏற்கெனவே சில விலைகளைக் கட்டி வைத்திருக்கிறது. அவற்றை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். வீட்டுப் பணியாளர்களுக்குத் தமிழ்நாடு அரசு 2018இல் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தபோது, பயிற்சி தேவைப்படாத பணிக்கு மணிக்கு 37 ரூபாய் என்றது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டம், கொரோனாவால் பள்ளியை இழந்த 1 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கற்பித்த தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தந்தது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் வீதம் மாதம் 20 நாள் என்று கொண்டால் 30 மணி நேரம். மணிக்கு 33 ரூபாய். அதாவது, பட்டப்படிப்பு படித்த பெண் பாடம் சொல்லித் தந்ததற்கு அரசு கொடுத்தது, அதே அரசு மூன்றாண்டுகளுக்கு முன்பு பாத்திரம் துலக்குவதற்கு நிர்ணயித்த கூலியை விடக் குறைவு. பாத்திரம் துலக்குவது தாழ்ந்த வேலை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூலி என்று பெயரிட்டால் ஒரு விலை, தொண்டு என்று பெயரிட்டால் அதைவிட மலிவான விலை என்று ஆவது எப்படி என்பதைக் காட்டவே சொல்கிறோம்.

'மதிப்பூதியம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவரைப் பாராட்ட வேண்டும். ஊதியத்தில் குறைத்ததை மதிப்பில் கூட்டிக் கொடுக்கும் சொல் அது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் இச்சொல்லுக்குள்தான் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்றிய அரசு அவர்களுக்கு நிர்ணயித்த தொகை 2018 அக்டோபரில் மாதம் 3,000 ரூபாயிலிருந்து 4,500 ரூபாயானது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூடுதலாகத் தருகின்றன. 2022 ஏப்ரல் 25 அன்று குஜராத்தின் அங்கன்வாடிப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சொல்லின் மூடியைத் திறந்தது. அவர்கள் பெறும் மதிப்பூதியமும் சட்டத்தின் பார்வையில் ஊதியமே. பணிக்கொடைச் சட்டம் 1972 அவர்களுக்கும் பொருந்தும் என்றது. நம் கேள்விக்கு இத்தீர்ப்பு நேரடியாக உதவுகிறது. ஏனெனில் அங்கன்வாடிப் பணியாளர் செய்வதும் லைன் வீட்டு அக்கா செய்வதும் ஒரே இணைப்பு: சோறு ஊட்டுதல், பார்த்துக்கொள்ளுதல், முன்பருவக் கல்வி தருதல்.

இந்த இணைப்பில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது. பராமரிப்பும் கற்பித்தலும் ஒருவர் கையில் சேரும்போது விலை ஏற வேண்டும். நடப்பதோ வேறு. பராமரிப்புக்கு விலை பேசும்போது 'பாடம் சொல்லித் தருவது அவளுக்கும் படிப்புதானே' என்று கற்பித்தல் கழிக்கப்படுகிறது. கற்பித்தலுக்கு விலை பேசும்போது 'மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பதுதானே' என்று பராமரிப்பு கழிக்கப்படுகிறது. எது மலிவோ அது இன்னொன்றை விழுங்கிவிடுகிறது. ஆகவே நாம் முன்வைக்கும் முறை இது. பிள்ளைகள் அவர் பொறுப்பில் இருக்கும் நேரம் முழுவதற்கும் ஷிப்ட் கூலி. கற்பிக்கும் நேரத்துக்கு, அதன்மேல் கூடுதல். அந்த மணி நேரத்தைப் பராமரிப்பிலிருந்து கழித்துவிட்டுக் கற்பித்தலாக எழுதக் கூடாது. அவர் ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் சொல்லித் தரும்போதும் மூன்று வயதுக் குழந்தை அவர் பொறுப்பில்தான் இருக்கிறது. அந்நேரத்தில் அவர் செய்வது இரண்டு வேலை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷிப்டுக்கு 400 ரூபாய் வாங்கும் ஒரு செக்கிங் பெண்ணை எடுத்துக்கொள்வோம். தொகை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாசகர் தம் பகுதியின் எண்ணை இட்டுக்கொள்ளலாம், கணக்கின் வடிவம் மாறாது. ஒன்றரை ஷிப்டுக்கு 600. ஆறு நாளைக்கு 3,600. அவரைப் போல ஐந்து தாய்மார், மொத்தம் ஏழு பிள்ளைகள். அக்காவுக்கும் ஒன்றரை ஷிப்டுக்கு 600. இரண்டு மணி நேரக் கற்பித்தலுக்கு, மணிக்கு 50 வீதம் 100. நாளுக்கு 700, வாரத்துக்கு 4,200. இதை ஏழு பிள்ளைகளுக்கும் பங்கிட்டால் தலைக்கு வாரம் 600. இரண்டு பிள்ளை உள்ள தாய் 1,200 கொடுக்க வேண்டும். அவருடைய வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. வாடகை, மளிகை, மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை போக மீதி என்ன இருக்கும் என்று யாரும் கேட்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் 37 ரூபாயை வைத்தே கணக்கிட்டாலும் 13 மணி நேரத்துக்கு 481, வாரத்துக்கு 2,886. தலைக்கு 400 ரூபாய்க்கு மேல். அதுவும் அந்தத் தாய்க்குச் சுமைதான்.

இங்கேதான் நியாயக் கூலி பற்றிய பேச்சு வழக்கமாக முறிந்து போகிறது. அக்காவுக்கு நியாயம் செய்தால் தாய்க்கு அநியாயம். தாயைப் பார்த்தால் அக்காவுக்கு அநியாயம். இருவரும் ஒரே லைன் வீட்டுப் பெண்கள். பல வரிசைகளில் இருவரும் தலித் பெண்கள். இரண்டு ஏழைப் பெண்களின் கூலியை ஒன்றோடொன்று மோதவிட்டு, 'பாவம், இருவராலும் முடியாது' என்று முடிக்கும் இந்தக் கணக்கில் ஒரு தரப்பு விடுபட்டிருக்கிறது. அக்கா பிள்ளையைப் பார்த்துக்கொள்வதால் தாய் வேலைக்குப் போக முடிகிறது. தாய் வேலைக்குப் போவதால் யாருடைய ஆர்டர் நாள் தவறாமல் கப்பலேறுகிறதோ, அந்தத் தரப்பு.

இது புதிய வாதம் அன்று. 1928 ஜூலையில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகாலப் பயன் மசோதா விவாதத்துக்கு வந்தபோது, ஆலை முதலாளிகளின் தரப்பு இச்சுமை தொழிலை நசுக்கும் என்றது. அண்ணல் அம்பேத்கர் அதற்கு எழுந்து நின்று விடை கூறினார். மக்கள் நலனைக் காப்பது முதன்மையாக அரசின் கடமை, ஆகவே சுமையின் பெரும்பகுதியை அரசு ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால், பெண்களை வேலைக்கு அமர்த்துவதால் கூடுதல் ஆதாயம் பெறும் முதலாளி தன் பங்கிலிருந்து தப்ப முடியாது என்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணத்தில் அச்சட்டம் வந்தது. அந்த வாதத்தைத் திருப்பூரின் மே மாதத்துக்குக் கொண்டு வந்து பொருத்திப் பாருங்கள். மேற்கண்ட 4,200 ரூபாயில் பாதியைக் கம்பெனி ஏற்றால், அது ஒரு பெண் தொழிலாளிக்கு வேலை நாள் ஒன்றுக்கு 70 ரூபாய். மறுபாதியைத் தாய்மார் பங்கிட்டால் பிள்ளைக்கு வாரம் 300. இரு பிள்ளைத் தாய்க்குச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்கு. இன்னும் கனமானதுதான், ஆனால் சுமக்கக் கூடியது. அரசும் தன் பங்கைத் தந்தால் இன்னும் இறங்கும்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டா? இருக்கிறது, ஆனால் ஓட்டைகளோடு. 30க்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளுக்கு நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்க்கும் உரிமையையும் தந்தது பேறுகாலப் பயன் சட்டத்தின் 2017 திருத்தம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் 50 பேர் என்ற வரம்பு இருக்கிறது. திருப்பூரில் இந்த எண்ணிக்கை வரம்பு எப்படி வேலை செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் ஆர்டர் வரும். தையல் நடப்பது பத்து, பதினைந்து இயந்திரங்களோடு ஜாப் ஒர்க் செய்யும் பவர்டேபிள் கூடத்தில். வேலை 50 பேரைத் தாண்டியது. ஆனால் எந்தக் கூரையின் கீழும் 50 பேர் இல்லை. காப்பகம் இருக்கும் பெரிய நிறுவனங்களிலும், வாங்கும் பிராண்டின் தணிக்கையாளர் வரும் நாளில் மட்டும் பொம்மைகள் தூசி தட்டப்படுவது பலரும் கேட்டறிந்த கதை.

அதைவிட ஆழமான ஓட்டை வயது வரம்பு. ஆறு வயதோடு சட்டத்தின் கண்ணில் பிள்ளை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு பள்ளி பார்த்துக்கொள்ளும் என்பது சட்டத்தின் நம்பிக்கை. பள்ளி மூடும் மாதத்தில் யார் பார்த்துக்கொள்வார் என்று எந்தப் பிரிவும் கேட்கவில்லை. ஆறுக்கு உட்பட்ட பிள்ளைக்குக்கூட, அங்கன்வாடிகளுக்குச் சில ஆண்டுகளாக மே மாதத்தில் 15 நாள் விடுமுறை தரப்படுகிறது. அது அப்பணியாளர்கள் போராடிப் பெற்ற ஓய்வு. அதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. அந்த 15 நாளுக்கு மாற்று ஏற்பாடு செய்யாதது அரசின் குறையே.

சட்டம் பள்ளி விடுமுறையை ஓரிடத்தில் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இடம் குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016ஆம் ஆண்டின் திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை முற்றாகத் தடை செய்த அதே மூச்சில், பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறைக் காலத்திலும் பிள்ளை தன் குடும்பத்துக்கும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலுக்கும் உதவலாம் என்று விலக்கு அளித்தது. விடுமுறையைப் பிள்ளையின் பராமரிப்புக்கான காலமாகக் காணாத சட்டம், அதை உழைப்புக்கான காலமாகக் கண்டுகொண்டது. லைன் வீடுகளுக்குப் பண்டல் பண்டலாக வரும் பிசிறு வெட்டும் வேலையைப் பார்த்தவர்களுக்கு இந்த விலக்கின் பொருள் விளங்கும். தாய் வெட்டினால் பீஸ் ரேட். பிள்ளை கூட உட்கார்ந்து வெட்டினால் 'உதவி'. பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் பத்து வயதுப் பெண் பிள்ளை கையில் டிரிம்மரோடு உட்கார்வது இவ்வாறுதான். அக்காவுக்குக் கொடுக்கப்படாத கூலி, அந்தப் பிள்ளையின் விரலிலிருந்து எடுக்கப்படுகிறது.

சாதிக்கு வருவோம். கொங்குப் பகுதியின் கிராமங்களில் அருந்ததியர் உழைப்புக்கு நெடுங்காலம் தரப்பட்டது தானியமும் பழைய சோறும் பழந்துணியும். ஷிப்ட் கூலி, காசாக, எண்ணி, சனிக்கிழமை கைக்கு வந்தது என்பதாலேயே திருப்பூர் பல தலித் குடும்பங்களுக்கு ஒரு விடுதலையாக இருந்தது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட 'டி-சட்டைகளும் டம்ளர்களும்' என்னும் பொருள்படும் தலைப்பிட்ட கட்டுரை இதை நுட்பமாகக் காட்டியது. பனியன் வேலைக்குப் போக முடிந்த ஊரின் தலித்துகளிடம் ஆதிக்கச் சாதியினரைச் சார்ந்திருப்பது தளர்ந்திருந்தது. முன்பணக் கடனால் விசைத்தறிக் கூடங்களோடு கட்டுண்ட ஊரில் அது தளரவில்லை. அப்படிப் பொருட்கூலியிலிருந்து காசுக்கூலிக்கு வந்து சேர்ந்த சமூகத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண், கல்லூரிக்கும் போய்விட்ட பிறகு, கோடையில் மீண்டும் துணிக்கும் சோற்றுக்கும் வேலை பார்ப்பது பின்னோக்கிய நடை. கொடுப்பவர் அன்பாகத்தான் கொடுக்கிறார். ஆனால் கூலிக்குப் பதில் துணி என்பது எங்கிருந்து வந்த பழக்கம் என்று நாம் அறிவோம்.

இன்னொன்றும் உண்டு. 2018 ஜூலையில் இதே திருப்பூர் மாவட்டத்தில், சேவூர் அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த சத்துணவுச் சமையலர் சமைத்தால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் முற்றுகையிட்டனர். நிர்வாகம் முதலில் செய்தது அவரை இடமாற்றம் செய்தது. எதிர்ப்பு எழுந்த பிறகே அது திரும்பப் பெறப்பட்டு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. பல சாதிப் பிள்ளைகள் கூடும் லைன் வீட்டு வாசலில் இச்செய்தியை மறந்துவிட்டுக் கூலி பேச முடியாது. ஒரு வீட்டுத் தாய், 'பாடம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும், சாப்பாடு நானே கட்டி வைத்துவிடுகிறேன்' என்று சொல்வது அக்காவின் வேலையைக் குறைக்கும் கரிசனமாகவும் இருக்கலாம். அவர் கையால் சோறு வேண்டாம் என்பதாகவும் இருக்கலாம். எது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். நாம் சொல்வது, அந்தக் காரணத்தால் கூலி குறையக் கூடாது என்பதுதான். கட்டிக் கொடுத்த சோற்றையும் பிரித்துப் பரிமாறி, ஊட்டி, கை கழுவிவிடுவது அவரே.

நம் தோழர்கள் சிலரிடமிருந்து வரும் மறுப்பு ஒன்றுக்கு விரிவாகவே விடை சொல்ல வேண்டும். "சேரிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதற்குக் கூலியா? அம்பேத்கர் பெயரில் இரவுப் பாடசாலை நடத்தியவர்கள் காசு வாங்கினார்களா? எல்லாவற்றையும் விலையாக்குவது முதலாளியத்தின் மொழி அல்லவா?" என்று கேட்கிறார்கள். கேள்வியில் நேர்மை இருக்கிறது. இந்த இயக்கமே இலவசமாகக் கற்பித்தவர்களின் தோளில் நிற்கிறது. சென்னையில் 1890களில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகள் முதல் இன்றைய தெருவிளக்கு வகுப்புகள் வரை அதற்கு நீண்ட மரபு உண்டு. ஆயினும் அப்பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கல்வி இலவசமாக இருந்ததே தவிர, ஆசிரியர்கள் அனைவரும் ஊதியமின்றி உழைக்கவில்லை. மாலையில் ஒரு மணி நேரம் தொண்டு செய்வதும், 13 மணி நேரம் ஏழு பிள்ளைகளின் உயிருக்குப் பொறுப்பேற்பதும் ஒன்றல்ல. தொண்டு என்பது மறுக்க முடிந்தவரின் செயல். ஜூனில் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கட்ட வேண்டிய, 'புதுமைப்பெண்' திட்டத்தின் 1,000 ரூபாயை எண்ணிச் செலவழிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து 'தொண்டாகச் செய்' என்பது, அவர் மறுக்க முடியாது என்பதை அறிந்தே கேட்பது. அதே வரிசையில் அவருடைய அண்ணன் விடுமுறையில் கம்பெனிக்குப் போய் ஷிப்ட் கூலி வாங்கி வருகிறான். அவனிடம் யாரும் தொண்டு கேட்பதில்லை என்பதையும் தோழர்கள் கவனிக்கட்டும்.

வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. அச்சட்டம் வந்தாலும், ஐந்து ஏழை வீடுகளுக்கு ஒருசேர வேலை பார்க்கும் ஒரு மாணவி அதில் எந்த வரையறைக்குள் வருவார் என்று நமக்குத் தெளிவில்லை. பணக்கார வீட்டு வேலையாளை மனத்தில் கொண்டே இத்தகைய சட்டங்கள் எழுதப்படுகின்றன. ஆகவே திருப்பூரில் இதற்கான இடம் வேறு: பனியன் தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தம். உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மேசையில் அமர்ந்து ஷிப்ட் கூலியையும் பஞ்சப்படியையும் பயணப்படியையும் பேசி முடிக்கின்றன. கம்பெனிக்கு வந்து சேரும் பயணத்துக்குப் படி உண்டு என்றால், கம்பெனிக்கு வருவதற்காகப் பிள்ளையை விட்டு வரும் செலவுக்கு ஏன் படி இல்லை? ஆண்டு முழுவதும் வேண்டாம், பள்ளி மூடியிருக்கும் ஆறேழு வாரங்களுக்குப் பிள்ளைப் பராமரிப்புப் படி என்று ஒரு வரி போதும். மேசையின் இரு பக்கமும் ஆண்களே அமர்ந்திருப்பதால் அந்த வரி இதுவரை எழுதப்படவில்லை என்று நினைக்கிறோம். பவர்டேபிள் கூடங்களில் உள்ளோருக்கு, ஆர்டர் தரும் ஏற்றுமதி நிறுவனத்திடமிருந்தே அது வசூலிக்கப்பட வேண்டும். தொழிலாளர் நல நிதிச் சட்டம் 1972இல் இருந்தே இருக்கிறது. நிதி திரட்டவும் பகிரவும் வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஒப்பந்தம் வரும்வரை சிக்கண்ணா கல்லூரியிலும் எல்.ஆர்.ஜி. கல்லூரியிலும் படிக்கும் நம் வாசகர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: விடுமுறை தொடங்கும் முன்பே பேசிவிடுங்கள், ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள். எத்தனை பிள்ளை, எத்தனை மணி வரை, அரை ஷிப்ட் நீண்டால் எவ்வளவு, காய்ச்சல் கண்ட பிள்ளையை யார் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது, மளிகைக் காசு கூலியில் சேருமா சேராதா. மாதக் கணக்கு வேண்டாம்; தாய்மார் சனிக்கிழமை வாங்கும்போது ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாங்க வேண்டும். பொறுப்பை ஏற்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பல வரிசைகளில் 13 வயது அக்காமார்தான் இவ்வேலையைச் செய்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அவர்களுக்கு நியாயக் கூலி எவ்வளவு என்று இங்கே கணக்கிட மறுக்கிறோம். அந்தப் பெண் பிள்ளையே பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்.

எழுதும் நோட்டில் ஆர்டர் இல்லாத வாரத்துக்கும் ஒரு வரி வேண்டும். 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் ஷிப்டுகள் வெட்டப்பட்டன. தாய்க்கு வாரத்தில் மூன்று நாள் வேலை என்றால், பிள்ளையும் மூன்று நாள்தான் வரும், கூலியும் மூன்று நாளுக்குத்தான் என்று ஆகிவிடும். தாய்க்கு வேலை உண்டா இல்லையா என்பது காலை எட்டு மணிக்குத்தான் தெரியும். அதுவரை அக்கா வேறு வேலைக்குப் போகாமல் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்குக் குறைந்தது அரை ஷிப்ட்.